எதிர்பாராதது எது? வெடிவிபத்துச் செய்திகளின் சொற்கள் பற்றிய ஒரு திறனாய்வு

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில், பட்டாசுத் தொழிலில் மகளைப் பறிகொடுத்த ஒரு வீட்டிற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஆறுதல் கூறச் சென்றிருந்தோம். வழக்கம்போல, "எதிர்பாராத விதமாக நேரிட்ட இந்த அதிர்ச்சியின் வேளையிலே" என்று நமது ஜெபத்தைத் தொடங்கினோம். ஜெபம் முடிந்ததும், சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்த அவ்வீட்டு மூதாட்டி நிமிர்ந்து பார்த்துக் கூறினார்: "எதிர்பாராம எங்கய்யா நடந்துச்சு? அவ ஆபீசுக்குப் போன நாள்ல இருந்து எதிர்பாத்துக்கிட்டுத்தான இருந்தோம். இன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்துருக்கு."

நம்மிடம் மறுமொழி இல்லை. தீப்பெட்டித் தொழிற்சாலையையும் பட்டாசுத் தொழிற்சாலையையும் அவ்வட்டார மக்கள் 'ஆபீஸ்' என்றே வழங்குவர். தொலைவில் பெரிய சத்தம் கேட்டால் அவர்கள், "என்ன சத்தம்?" என்று கேட்பதில்லை, "எந்த ஆபீஸ்?" என்றே கேட்கிறார்கள். இவ்விரு வினாக்களின் வேறுபாடு நாம் ஜெபத்தில் பயன்படுத்திய சொல்லைப் பொய்யாக்குகிறது. 'என்ன' என்பது அறியாததைப் பற்றிய வினா. 'எந்த' என்பதோ, அறிந்த ஒன்று இன்று எவ்விடத்தில் நேர்ந்தது என்னும் வினா.

திறனாய்வு என்றால் கவிதையையும் கதையையும் ஆராய்வது என்று நாம் பழகியிருக்கிறோம். ஆனால் தமிழ் மக்கள் நாள்தோறும் படிப்பவை செய்தி வாக்கியங்கள். அவற்றிலிருந்து இரங்கல் அறிக்கைகளும், இரங்கல் அறிக்கைகளிலிருந்து நமது பிரசங்க மேடைகளும் சொற்களைக் கடன் பெறுகின்றன. ஆகவே வெடிவிபத்துச் செய்திகளில் அதிர்ச்சியையும் எதிர்பாராமையையும் குறிக்க வழங்கும் சொற்களை ஒரு நூலை ஆராய்வதுபோல் ஆராய்ந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆயத்தமாக வைக்கப்பட்ட வாக்கியம்

இவ்வகைச் செய்திகள் பலவற்றைச் சேர்த்துப் படிப்பவர், அவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பதை எளிதில் உணர்வார். தொழிலாளர்கள் மருந்துக் கலவை தயாரிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோது, எதிர்பாராத விதமாக உராய்வு ஏற்பட்டு, திடீரெனப் பயங்கரச் சத்தத்துடன் வெடிவிபத்து நிகழ்ந்தது, அறைகள் தரைமட்டமாயின, இத்தனை பேர் உடல் கருகிப் பலியாயினர், சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது. ஊர்ப் பெயரும் எண்ணும் மட்டும் மாறுகின்றன.

எதிர்பாராததைக் கூறும் வாக்கியம் முன்கூட்டியே கோத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது முதலாவதாக நோக்கத்தக்கது. உண்மையில் எதிர்பாராத ஒன்றை எழுத நேர்ந்தால் எழுதுபவர் தடுமாறுவார், சொல் தேடுவார். இங்குத் தடுமாற்றமே இல்லை.

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 1991இல் மீனம்பட்டி. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளம். 2023 அக்டோபர் 17இல் ரெங்கபாளையம். 2024 பிப்ரவரி 17இல் ராமுதேவன்பட்டி. அதே ஆண்டு மே 9இல் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டி. இவை பலர் ஒருசேர மாண்ட நிகழ்ச்சிகளுள் சில மட்டுமே. ஓரிருவர் மாண்டவை இவ்வரிசையில் இடம்பெறவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே படிக்கும்போது 'எதிர்பாராத' என்னும் சொல் உறுத்துவதில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கும்போது அச்சொல் நிற்க இடமின்றிப் போகிறது.

இரண்டாவதாக, அவ்வாக்கியத்தின் எழுவாய்களைக் கவனிக்க வேண்டும். உராய்வு ஏற்பட்டது; விபத்து நிகழ்ந்தது; தீ பரவியது; அறை தரைமட்டமானது. செயல்கள் யாவற்றிற்கும் எழுவாய் அஃறிணையே. உயர்திணை எழுவாய் ஈரிடங்களில் மட்டும் வருகிறது: பணியில் ஈடுபட்டிருந்தோர் தொழிலாளர், பலியானோரும் தொழிலாளர். ஆகவே, 'யார் செய்தது?' என்று படிப்பவர் தேடினால், கலவையைக் கையில் வைத்திருந்தவரைத் தவிர வேறு ஒருவரையும் அவ்வாக்கியத்தில் காண இயலாது. 'கவனக்குறைவு' என்னும் அடுத்த சொல் வந்து சேர்வதற்கு இலக்கணமே வழியமைத்து வைத்திருக்கிறது.

உராய்வு என்பது பொய்யன்று. ஆனால் அது நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே. வெடிபொருள் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2008ஆம் ஆண்டு விதிகள், ஓர் அறையில் எவ்வளவு மருந்து இருக்கலாம், எத்தனை பேர் பணிபுரியலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பவற்றிற்கு அளவு கூறுகின்றன. உரிமம் 'நாக்பூர் லைசென்ஸா', 'சென்னை லைசென்ஸா', மாவட்ட வருவாய் அலுவலர் அளித்ததா என்பதைப் பொறுத்து எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அலுமினியப் பவுடர் கலந்த மருந்து ஈரம் பட்டால் தானே சூடேறும் என்பதையும், ஆதலால் முதல் நாள் எஞ்சிய கலவையை மறுநாளுக்கு வைக்கலாகாது என்பதையும் அத்தொழிலில் அறியாதவர் இல்லை. உரிமம் பெற்றவர் அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விடுவதும், குத்தகைதாரர் தீபாவளிக்கு முன் சரக்கை முடிக்க ஆட்களைக் கூட்டுவதும், இடம் போதாமல் மரத்தடியில் வேலை நடப்பதும், எண்ணிக்கைக்குத் தக்க கூலி என்பதால் கைகள் விரைவதும் பலமுறை வெளிவந்த உண்மைகளே. 'உராய்வு' என்று எழுதும்போது இவை யாவும் ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகின்றன.

2. அதிர்ச்சி யாருடையது?

தமிழில் அதிர்ச்சியைக் குறிக்கும் சொற்களுக்குக் குறைவில்லை. திகைப்பு, திடுக்கீடு, துணுக்குறல், மலைப்பு, மருட்சி, வெருட்சி, பிரமிப்பு என ஏட்டு வழக்கில் பல உண்டு. பேச்சு வழக்கோ இன்னும் வளமுடையது. 'பகீர்' என்றது, 'திக்' என்றது, தூக்கிவாரிப் போட்டது, ஈரக்குலை நடுங்கியது, வயிற்றில் புளியைக் கரைத்தது என்றெல்லாம் மக்கள் பேசுகிறார்கள். இப்பேச்சுச் சொற்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை அதிர்ச்சியை உடம்பிலே வைத்துக் கூறுகின்றன. ஈரல், வயிறு, நெஞ்சு என்று இடம் சுட்டுகின்றன. அதிர்ந்தவர் யார் என்பதில் அங்கு ஐயமில்லை.

'பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியுள்ளது' என்னும் செய்தி வழக்கில் உடம்பு இல்லை. அதிர்ச்சி யாரிடத்தில் ஏற்பட்டது? 'அப்பகுதியில்'. பகுதிக்கு வயிறு உண்டோ? இச்சொற்றொடர், இறந்தவரின் வீட்டாரையும் தொலைவிலிருந்து செய்தி படிப்பவரையும் ஒரே உணர்ச்சிக்கு உரியவராக்கிவிடுகிறது. படிப்பவரின் அதிர்ச்சி மாலைக்குள் தீர்ந்துவிடும். மதுரை அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவரின் நிலை அதுவன்று. அங்கு ஒருவர் மூன்றாம் நாள் இறந்தால், 'பலி எண்ணிக்கை உயர்வு' என்று தலைப்பு வருகிறது. விலை உயர்வுக்கும் நீர்மட்ட உயர்வுக்கும் வழங்கும் சொல்லே இதற்கும் வழங்குகிறது.

இவ்விடத்தில் நம் பழைய இலக்கணம் நமக்கு உதவுகிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறக்கும் என்று வகுக்கிறார். வியப்பாகிய மருட்கைக்கு அவர் கூறும் நிலைக்களன்களுள் முதலாவது புதுமை. முன்பு காணாததைக் காணும்போது மருட்கை பிறக்கும். ஆண்டுதோறும் காண்பதில் புதுமை ஏது? ஆகவே வெடிவிபத்து மருட்கைக்குரிய பொருளாக நிற்கவில்லை.

அப்படியானால் அது எங்கு நிற்கிறது? அழுகைக்கு அவர் கூறும் நிலைக்களன்கள் பிறரால் எளியராக்கப்படுதல், இழத்தல், முன்னை நிலை கெடுதல், வறுமை ஆகியவை. வெகுளிக்கு அவர் கூறுபவை உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல் ஆகியவை. விஸ்வநத்தத்து வீட்டில் முதல் நான்கும் இருந்தன. இரண்டாவது நான்கையும் அங்கு எவரும் வாய்விட்டுக் கூறவில்லை. ஆனால் அம்மூதாட்டியின் குரலில் அவை இருந்தன. அழுகைக்கும் வெகுளிக்கும் உரிய ஒன்றை மருட்கையின் சொற்களால் எழுதுவதே இச்செய்தி மொழியின் அடிப்படைப் பிழை என்பது நம் கருத்து. வியந்தவன் சற்று நேரம் வாய்பிளந்து நின்றுவிட்டுத் தன் வழியே போவான். வெகுண்டவன் காரணம் கேட்பான். எந்த மெய்ப்பாட்டின் சொல்லைத் தேர்கிறோம் என்பது எந்த வினாவை எழுப்புகிறோம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

3. மருந்து, வேடிக்கை, பலி

வெடிக்கும் கலவைக்குத் தமிழில் 'மருந்து' என்று பெயர். நோய் தீர்ப்பதும் மருந்து. உயிர் கொள்வதும் மருந்து. இவ்வழக்கு நெடுங்காலத்தது; அதைக் குறைகூற நாம் முற்படவில்லை. 'மருந்து வெடித்தது' என்னும் வாக்கியம் நம் காதில் எவ்விதத் திடுக்கீடும் இன்றி விழுமளவுக்குப் பழக்கம் நம்மை மரத்துப்போகச் செய்திருக்கிறது என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

'வேடிக்கை' என்னும் சொல் இன்னும் கடுமையானது. 2012இல் முதலிப்பட்டியில் முதலில் ஏற்பட்ட வெடிப்புக்குப்பின், அருகிலிருந்த ஊர்களிலிருந்து மக்கள் ஆலையை நோக்கி ஓடினர். அடுத்துப் பெருவெடிப்பு நேர்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்நிகழ்ச்சியில் அவ்வாறு ஓடியவர்கள் பலர். அவர்களுள் சிக்கியவர்களை மீட்கச் சென்றோர் உண்டு. தம்மவரைத் தேடிச் சென்றோர் உண்டு. ஆயினும் 'வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள்' என்றே அவர்களில் பலர் பேசப்பட்டனர். நகரங்களில் வாணவேடிக்கை காண்போருக்கு உரிய சொல், அவ்வேடிக்கைப் பொருளைச் செய்யுமிடத்தில் மாண்டவர்மேல் ஏற்றப்பட்டது. அயலானை மீட்க ஓடியவனைப் பார்வையாளன் என்று அழைப்பது சிறு பிழையன்று. நல்ல சமாரியனை வழிப்போக்கன் என்று மட்டும் எழுதி முடிப்பதற்கு அது ஒப்பாகும்.

'பலி' என்னும் சொல்லை இறையியல் பயில்வோர் எளிதில் கடந்து செல்லலாகாது. 'எட்டுப் பேர் பலி' என்று படிக்கிறோம். பலி எனின், செலுத்துபவர் யார்? ஏற்றுக்கொள்பவர் யார்? பீடம் எது? செய்தித்தாள் இவற்றை எண்ணி எழுதவில்லை. அச்சொல் அங்கு உயிரிழந்த உருவகமாகவே கிடக்கிறது. ஆயினும் சில வேளைகளில் உயிரிழந்த உருவகம் எழுதுபவர் அறியாத உண்மையைப் பேசிவிடும். எவருடைய மகிழ்ச்சிக்காகவும் எவருடைய ஆதாயத்துக்காகவும் இவ்வுயிர்கள் செலவாயின என்னும் வினா அச்சொல்லுக்குள் உறங்குகிறது.

எரேமியா தீர்க்கதரிசி இன்னோம் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசும் பகுதிகளை (எரே. 7, 19) இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். மக்கள் தங்கள் குமாரரையும் குமாரத்திகளையும் அங்கே அக்கினியில் தகனித்தார்கள். அதைத் தாம் கட்டளையிடவுமில்லை, அது தம் மனதில் தோன்றவுமில்லை என்று கர்த்தர் கூறுவதாகத் தீர்க்கதரிசி உரைக்கிறார். எதிர்பாராமையைக் குறிக்கும் சொல் இங்குத்தான் உண்மையான பொருளில் நிற்கிறது. மனிதர் வழக்கமாக்கிவிட்ட ஒன்று கடவுளுக்கு நினையாததாக இருக்கிறது. நாமோ நாம் வழக்கமாக்கியதை நமக்கு எதிர்பாராதது என்றும், அதைக் கடவுளின் சித்தம் என்றும் கூறுகிறோம். தீர்க்கதரிசியின் வாக்கை நேர்மாறாகத் திருப்பிவிடுகிறோம்.

4. திருமறைத் தமிழின் வேறுபாடுகள்

நம் பழைய திருமறை மொழிபெயர்ப்பு இத்துறையில் நுண்ணிய வேறுபாடுகளை உடையது. மூன்றை மட்டும் காட்டுவோம்.

முதலாவது, சடிதி. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல், எல்லாம் நலம் என்று மனிதர் கூறிக்கொண்டிருக்கையில் அழிவு சடிதியாய் வரும் என்கிறார். அதற்கு அவர் காட்டும் உவமை கர்ப்பவதியின் வேதனை. பேறுகால வேதனை திடீரென்று வரும். ஆனால் எதிர்பாராமல் வருவதில்லை. வேளை அறியாதது; வருகை அறிந்தது. திடீரென நேர்வது வேறு, எதிர்பாராமல் நேர்வது வேறு என்பதை இவ்வுவமை தெளிவாக்குகிறது. செய்தி மொழி இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. வெடிப்பு திடீரென நேர்ந்தது என்பது மெய். எதிர்பாராமல் நேர்ந்தது என்பது மெய்யன்று.

இரண்டாவது, கைப்பிசகு. அறியாமல் ஒருவரைக் கொன்றவன் தப்பியோடி வாழ்வதற்கு அடைக்கலப்பட்டணங்கள் குறிக்கப்பட்டதை எண்ணாகமம் 35ஆம் அதிகாரம் கூறுகிறது. அங்கு வழங்கும் 'கைப்பிசகு' அழகிய சொல். பகையின்றி, எண்ணமின்றி நேர்ந்த சாவுக்கு இரக்கமான இடம் உண்டு என்பதை நியாயப்பிரமாணம் மறுக்கவில்லை.

மூன்றாவது, முட்டுகிற மாடு. ஒரு மாடு முதல்முறை ஒருவரை முட்டிக் கொன்றால் அதன் உரிமையாளன் குற்றமற்றவன். அது முன்னமே முட்டுகிற மாடாக இருந்து, அவன் எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காமற்போனால் அவனும் பொறுப்பாளியாகிறான் என்று யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் விதிக்கிறது. புதிதாக வீடு கட்டுபவன் ஒருவனும் விழாதபடி மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். இல்லையேல் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம் 22ஆம் அதிகாரம். கைப்பிசகும் முட்டுகிற மாடும் ஒன்றல்ல. வேறுபாடு 'முன்னமே' என்னும் ஒரு சொல்லில் இருக்கிறது.

நம் நாட்டு நீதித்துறையும் இவ்வேறுபாட்டை ஒருவாறு ஏற்றுக்கொண்டது. போபால் துயரத்துக்கு மறு ஆண்டு டெல்லியில் நேர்ந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், 1986இல் உச்ச நீதிமன்றம் முழுப் பொறுப்புக் கோட்பாட்டை வகுத்தது. இயல்பிலேயே ஆபத்தான தொழிலை நடத்தி அதனால் ஆதாயம் பெறுபவர், தாம் வேண்டிய கவனம் செலுத்தியதாகக் கூறியும் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்பது அதன் சாரம். அவ்வழக்கைத் தொடுத்த எம். சி. மேத்தாவே சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் வழக்கையும் தொடுத்தவர் என்பது நினைவுகூரத்தக்கது. 'எதிர்பாராத' என்னும் சொல்லைச் சட்டமே இவ்வகைத் தொழிலில் தன் வாயிலிலிருந்து திருப்பியனுப்பிவிட்டது. அது இன்னும் நம் ஜெபங்களில் அடைக்கலம் பெற்றிருக்கிறது.

சீலோவாம் கோபுரத்தைப் பற்றிய பகுதியையும் (லூக். 13) இங்கு நினைப்போம். பதினெட்டுப் பேர்மேல் கோபுரம் விழுந்தது. மாண்டவர் மற்றவரினும் குற்றவாளிகளோ என்று இயேசு வினவி, அல்ல என்று தாமே மறுமொழி கூறுகிறார். மாண்டவர்மேல் காரணத்தைச் சுமத்தும் விளக்கத்தை அவர் அவ்விடத்திலேயே தடுத்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கி, மனந்திரும்புங்கள் என்றார். விபத்துச் செய்தி கேட்பவருக்கு உரியது அதிர்ச்சியன்று, மனந்திரும்புதலே என்பது இதனால் விளங்கும்.

5. சில மறுப்புகள்

நமது வாதத்துக்கு எதிராகக் கூறத்தக்கவை உண்டு. அவற்றைக் கூறாமல் விடுதல் நேர்மையன்று.

செய்தியாளர் குறுகிய நேரத்தில் எழுதுகிறார். விசாரணை முடியும்முன் ஒருவரைக் குற்றவாளி என்று எழுதவும் இயலாது. மெய்தான். ஆனால் காரணம் தெரியாதபோது 'வெடித்தது' என்று மட்டும் எழுதலாம். 'எதிர்பாராத' என்பது காரணத்தைப் பற்றிய தீர்ப்பு. விசாரணைக்கு முன்னரே அத்தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது.

விதிகளைப் பேணி நடத்தப்படும் ஆலைகளும் உண்டு. இடி விழுந்தும் வெப்பத்தாலும் நேரும் வெடிப்புகளும் உண்டு. 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் முயற்சியிலிருந்து வளர்ந்த இத்தொழிலே மழை பொய்த்த அக்கரிசல் பூமிக்குச் சோறு தருகிறது. இவையும் மெய். ஆகவேதான் கைப்பிசகு என்னும் சொல்லையும் நாம் கைவிடவில்லை. எல்லாவற்றையும் ஒரே சொல்லால் கூறாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.

மூன்றாவது மறுப்பே மிகக் கடினமானது. 'எதிர்பாராத' என்னும் சொல்லில் ஓர் இரக்கம் இருக்கிறது. மகளை வேலைக்கு அனுப்பிய தாய், 'நான்தானே அனுப்பினேன்' என்று வாழ்நாள் முழுவதும் தன்னையே குத்திக்கொள்ளாதபடி அச்சொல் அவளைக் காக்கக்கூடும். போதகர்கள் பலர் அதை இந்நோக்கத்துடனேயே சொல்கிறார்கள். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விஸ்வநத்தத்து மூதாட்டி அவ்விரக்கத்தை ஏற்கவில்லை. அவர் எதிர்பார்த்திருந்தார்; எதிர்பார்த்தும் அனுப்ப வேண்டியிருந்தது. எதிர்பாராதது என்று நாம் கூறியபோது, அத்தனை ஆண்டுகள் அவர் தினமும் மாலையில் மகள் வீடு திரும்பும்வரை சுமந்த அச்சத்தையே இல்லையென்று ஆக்கிவிட்டோம். தாயின் பழியை நீக்க வேண்டுமானால் பழி வேறெங்கு இருக்கிறது என்று கூற வேண்டும். பழியே இல்லை என்று கூறி அதை நீக்க முடியாது.

6. முடிவுரை

நாம் பரிந்துரைப்பவை சிலவே. இறந்தோர் வீட்டில் முதலில் பேசாதிருக்கக் கற்றுக்கொள்வோம். யோபின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாய்திறவாதிருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். பேச நேரும்போது, அவ்வீட்டார் பயன்படுத்தும் சொல் எது என்று கேட்டு அச்சொல்லாலே ஜெபிப்போம். பொதுவழிபாட்டில் மன்றாடும்போது 'எதிர்பாராத' என்பதை விடுத்து, 'தடுத்திருக்கக்கூடிய' என்று சொல்லத் துணிவோம். அச்சொல் உரிமையாளரையும் குத்தகைதாரரையும் அதிகாரிகளையும் மட்டும் சுட்டுவதன்று. மலிவான விலையில் கட்டுக்கட்டாகப் பட்டாசு வாங்கும் நம் வீடுகளையும் சுட்டும்.

மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில், அதிகாலையில் கல்லறைக்குச் சென்ற பெண்களை நடுக்கமும் திகிலும் பிடிக்கின்றன. அவர்கள் சாவை எதிர்பார்த்துச் சென்றவர்கள். சாவுக்குரிய சுகந்தவர்க்கங்களைக் கையில் ஏந்திச் சென்றவர்கள். அவர்கள் எதிர்பாராதது சாவை அன்று, கல் புரட்டப்பட்டிருந்ததையே. அதிர்ச்சியின் சொற்களைத் திருமறை இவ்விடத்துக்காகவும் வைத்திருக்கிறது. நாம் அவற்றைத் தடுக்கத்தக்க சாவுகளுக்கே செலவிட்டுத் தீர்த்துவிட்டால், உயிர்த்தெழுதலைக் கூற நம்மிடம் எச்சொல் மிஞ்சும்?

விஸ்வநத்தத்து மூதாட்டி, "இன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்துருக்கு" என்றார். நாளை எவ்வீட்டுக்கு என்னும் வினா அவ்வாக்கியத்தில் இருக்கிறது. அதைக் கேட்டும் நமது ஜெபத்தை மாற்றாதிருந்தால், அதன்பின் நேர்வதை எதிர்பாராதது என்று கூற நமக்கு உரிமை இல்லை.